கூப்பிட்டால் கேட்கும்

என் வீட்டுக்காரருக்கு நெஞ்சில் ஒரு கோளாறும் இல்லை என்று சொல்லாத டாக்டர் இந்தப் புதுச்சேரியில் பாக்கி இல்லை. எங்கள் தெருமுனை மருந்துக்கடை அரிகிருஷ்ணன்கூடச் சொல்லிவிட்டார். நம்பாதவர் அவர் ஒருவர்தான்.

ஆஸ்பத்திரிச் சீட்டில் இராமதாஸ் என்று எழுதியிருக்கும். எனக்குப் பெயர் சொல்லிப் பழக்கம் இல்லை, அவர் என்றே சொல்லிவிட்டுப் போகிறேன். வாலிபம் முழுவதையும் பஞ்சு மில்லில், நூற்புப் பிரிவில் கழித்துவிட்டு ஓய்வு பெற்றவர். சுனாமிக்கு மறு வருடம், வில்லியனூர் தேருக்குப் போகிற பஸ்ஸில் அவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டது. கை கால் சில்லிட்டு, வேர்த்துக் கொட்டி, "நான் போறேன் பார்வதி" என்று என் தோளில் சாய்ந்தார். பஸ்ஸை நிறுத்தி, ஆட்டோ பிடித்து, கோரிமேட்டுப் பெரியாஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். எல்லாப் பரிசோதனையும் செய்து பார்த்துவிட்டு, நெஞ்சு நன்றாக இருக்கிறது, இது பதற்றம்தான் என்று அனுப்பினார்கள். நான் வரும் வழியிலேயே மாரியம்மனுக்குக் கற்பூரம் ஏற்றினேன். அவரோ அன்றோடு நடப்பதை நிறுத்திவிட்டார்.

முதலில் பஸ்ஸை விட்டார். பிறகு மாடிப்படியை விட்டார். பிறகு டீக்கடை, ரேஷன் கடை எல்லாம் போயிற்று. நடந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும், அடித்துக்கொண்டால் ஒரு நாள் நின்றுவிடும் என்று அவருக்குள் ஒரு தீர்மானம். ஆகவே பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்தே இருந்தார். அதிலும் எனக்கு நிம்மதி கிடையாது. பிள்ளையாராவது வைத்த இடத்தில் இருப்பார். இவர் நான் போகிற இடத்துக்கெல்லாம் பிளாஸ்டிக் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

நான் அடுப்படியில் இருந்தால் அவர் அடுப்படி வாசலில் இருப்பார். துணி காயப் போட்டால் தோட்டத்துக் கதவில் இருப்பார். குளிக்கப் போனால் வெளியே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கும். வாய் திறந்து கூப்பிட மட்டும் மாட்டார். நெஞ்சு அடித்துக்கொள்ளும்போதுகூடக் கூப்பிட மாட்டார். சத்தமில்லாமல் வந்து முதுகுக்குப் பின்னால் நிற்பார். திரும்பிப் பார்த்தால் எனக்கு அல்லவா நெஞ்சு நின்றுவிடும்!

"ஒரு கொரலு குடுத்தா இன்னா? வாயில கொழுக்கட்டையா?" என்று கத்துவேன்.

அவரோ என்னைப் பார்த்துக்கொண்டே நிற்பார். நான் பொறுமைசாலி இல்லை. உழவர்கரையில் எங்கள் காலனியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

எங்களுக்கு ஒரே மகள், மாலா. நெய்வேலியில் கட்டிக்கொடுத்திருக்கிறோம். அவளுக்கு முதல் பிள்ளை ஏழாம் மாதம் வயிற்றிலேயே இறந்து போயிற்று. அப்போது நான் அவள் பக்கத்தில் இல்லை. இங்கே ஒரு நாற்காலிக்கு எதிரே உட்கார்ந்திருந்தேன். அந்த ஆத்திரம் எனக்கு ஆறவே இல்லை. இப்போது மறுபடியும் உண்டாகியிருந்தாள். முடிந்தவரை படுத்தே இருக்க வேண்டும், பஸ் ஏறவே கூடாது என்று அங்கே டாக்டர் சொல்லிவிட்டார். மாமியார் இல்லாத வீடு. மருமகன் ராஜவேல் நல்ல பையன்தான். ஆனால் ஷிப்டு வேலைக்குப் போகிறவன் எத்தனை நேரம் அவளைப் பார்க்க முடியும்? நான் போயாக வேண்டும். இவரையும் அழைத்துப் போகலாம் என்றால் பஸ்ஸில் கால் வைக்க மாட்டார். விட்டுவிட்டுப் போகலாம் என்றால், நான் மளிகைக் கடைக்குப் போய் வருவதற்குள் வெளுத்துப் போய் வாசலில் நிற்கிற மனிதர் அவர்.

இந்த நிலைமையில்தான் பெரியாஸ்பத்திரி மனநலப் பிரிவில் டாக்டர் கார்குழலி என்னிடம் பேசினார். மாலா வயதுதான் இருக்கும். அறுபது தாண்டிய பதற்றக்காரர்களுக்கென்று புதிதாக ஒரு குழு ஆரம்பிக்கிறோம் என்றார். வாரத்தில் இரண்டு நாள் காலையில் வர வேண்டும். முதலில் மைதானத்தைச் சுற்றி வேர்க்கிற அளவுக்கு நடை, கை கால் பயிற்சி, படி ஏறி இறங்குவது. அது முடிந்ததும் வேப்பமரத்தடியில் வட்டமாக உட்கார்ந்து மனசில் இருப்பதைப் பேசுவது.

"நடக்கறதுக்கே பயப்படற ஆள நடக்க வெக்கப் போறீங்களா டாக்டரம்மா?" என்றேன்.

"அதுக்குத்தாம்மா. நெஞ்சு அடிச்சா சாவு வருதுன்னு அவர் மனசு முடிவு பண்ணி வெச்சிருக்கு. வேகமா நடந்தாலும் நெஞ்சு அடிக்கும். அடிச்சிட்டு தன்னால அடங்கிடும். அத அவர் உடம்பே அவருக்குக் காட்டணும். நான் வாயால சொன்னா நம்ப மாட்டார்."

"அப்ப பேச்சு எதுக்கு?"

"அந்த பயம் எங்கேருந்து வந்துதுன்னு உடம்பு சொல்லாதும்மா. அவர்தான் சொல்லணும்."

எனக்குப் பெரிய நம்பிக்கை எதுவும் வரவில்லை. ஆனாலும் தரதரவென்று இழுக்காத குறையாக அவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். வேறு வழி என்ன இருக்கிறது?

மைதானத்தில் அவர் நடந்த அழகைப் பார்த்திருக்க வேண்டும். என் கையைப் பிடித்துக்கொண்டு, புதுப்பெண் மாதிரி அடிமேல் அடி வைத்து நடந்தார். கொஞ்சம் மூச்சு வாங்கினால் போதும், நின்று மார்பைப் பிடித்துக்கொள்வார். மரத்தடிப் பேச்சு அதைவிட மோசம். சந்திரகலா அம்மாள் என்று ஒருவர் வருவார். அவர் வீட்டுக்காரர் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக இருந்து இறந்தவர். அந்த அம்மாள் பிரான்சில் இருக்கும் பிள்ளைகளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் டாக்டரே கையைக் காட்டி நிறுத்த வேண்டும். எல்லோரும் எதையாவது சொல்லி அழுதார்கள், சிரித்தார்கள். என் வீட்டுக்காரர் முறை வரும்போது மட்டும், "ஒண்ணுமில்ல டாக்டர்" என்பார். ஒவ்வொரு வாரமும் அதே ஒண்ணுமில்லதான். எனக்குப் பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

அப்புறம்தான் கொளஞ்சி வந்து சேர்ந்தார். அவரும் மில் தொழிலாளிதான், ஆனால் வேறு மில், தறிப் பிரிவு. மனைவி போன பிறகு தூக்கம் வராமல், எந்த நேரமும் ஏதோ நடக்கப் போகிறது என்ற திகிலோடு இருந்தவர். முதல் நாள் மைதானத்தில் எங்களுக்கு எதிர்ப்புறமாக நடந்து வந்தார். யார் என்று தெரியாமலே இவரைப் பார்த்து, கட்டைவிரலை வாயருகே கொண்டுபோய் லேசாகச் சாய்த்தார். டீ குடிச்சாச்சா என்று அர்த்தமாம். நான் திகைத்துப் போனேன், ஏனென்றால் என் கையைப் பிடித்திருந்த கை விடுபட்டு, புறங்கையை ஒரு வெட்டு வெட்டி, இல்லை என்று பதில் சொல்லிவிட்டது.

மில்லுக்குள்ளே பேச முடியாது. அத்தனை மெஷினும் ஓடுகிற இரைச்சலில் காதோடு வாய் வைத்துக் கத்தினாலும் கேட்காது. அதனால் அங்கே பேச்செல்லாம் கையால், கண்ணால், உதட்டால்தான். மேஸ்திரி வருகிறார், நூல் அறுந்தது, சாப்பிடப் போகலாமா, உன் மகளுக்கு வரன் வந்ததா என்று எல்லாவற்றுக்கும் கையில் ஒரு பேச்சு உண்டு. எனக்குக் கல்யாணமான புதிதில் அவர் வீட்டில் ஒன்று கையை ஆட்டுவார், இல்லையென்றால் தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்துவார். நாங்கள் சண்டை போடுகிறோம் என்று பக்கத்து வீட்டார் சமாதானம் செய்ய வந்திருக்கிறார்கள். அந்த ஜாடைகளில் நாலைந்து எனக்கும் தெரியும், அதற்கு மேல் நான் கற்றுக்கொள்ளவில்லை.

அன்றிலிருந்து இரண்டு பேரும் ஒன்றாக நடந்தார்கள். வாய் மூடியே இருக்கும், கைகள் மட்டும் ஓயாது. கொளஞ்சி வேகமாக நடப்பவர், அவருடைய கையைப் பார்க்க வேண்டுமென்றால் இவரும் கூடவே எட்டி நடக்க வேண்டும். மில்லில் மெஷினுக்கு மெஷின் நடந்தே தேய்ந்த கால்கள் அல்லவா, கொஞ்ச நாளிலேயே பழைய நடை வந்துவிட்டது. சட்டை முதுகில் ஒட்டுகிற அளவுக்கு வேர்க்கும், மூச்சு வாங்கும், மார்பைப் பிடிக்க மறந்துவிடுவார். சந்தோஷப்பட வேண்டியவள்தான் நான். ஆனால் வயிறு எரிந்தது. என்னிடம் ஒரு வார்த்தை பேசாத மனிதர், முன்பின் தெரியாத ஆளிடம் விரல் வலிக்கப் பேசுகிறார்!

"அவங்க இன்னா பேசறாங்கன்னு ஒங்களுக்குத் தெரியுதா?" என்று டாக்டரிடம் கேட்டேன்.

"தெரியாதும்மா. பேசட்டும். நடக்கும்போது வர்ற பேச்சு உக்காந்தா வரும்னு நான் நெனச்சதுதான் தப்பு. எந்த பாஷையா இருந்தா என்ன?"

அதற்குப் பின் ஒரு வெள்ளிக்கிழமை, நாங்கள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது ராஜவேல் போன் செய்தான். மாலாவுக்கு லேசாக உதிரம் பட்டதாம். இப்போது பரவாயில்லை, ஆனால் இனிமேல் அவளைத் தனியாக விடவே கூடாதாம். "அத்தை, நீங்க எப்ப வருவீங்க?" என்றான். நான் என்ன சொல்ல? போனை வைத்துவிட்டுத் திரும்பினால், என் முதுகுக்குப் பின்னால் இவர். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார்.

மரத்தடியில் அன்று அவர் முறை வந்தது. "ஒண்ணுமில்ல டாக்டர்" என்றார்.

எனக்குள் என்னமோ அறுந்துவிட்டது.

"ஒண்ணுமில்லையா? ஒண்ணுமில்லையா?" என்று எழுந்து நின்று கத்தினேன். "அங்க எம்பொண்ணு உசுரக் கையில புடிச்சிகிட்டுப் படுத்துகினு கெடக்கா. நான் அவளுக்குப் போறதா, இல்ல இந்த ஆளக் காவல் காக்கறதா? போன புள்ளைய இவருக்காகத்தான் வாரிக் குடுத்தேன். இதையும் குடுக்கணுமா? கேளுங்க டாக்டர், கேட்டுச் சொல்லுங்க!"

சந்திரகலா அம்மாள்கூட வாயை மூடிக்கொண்டார். இவர் எழுந்தார். வீட்டுக்குத்தான் போகிறார் என்று நினைத்தேன். மைதானத்துக்குப் போய் நடக்க ஆரம்பித்தார். அப்படி ஒரு வேகமான நடையை நான் பார்த்ததே இல்லை. கொளஞ்சி ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டார். சுற்றிச் சுற்றி வந்தார்கள். முதலில் இவர் கை சும்மா தொங்கியது. பிறகு மெதுவாக எழும்பியது. பிறகு நிற்கவே இல்லை. மைதானத்தின் மறுகோடியில் கொளஞ்சி சட்டென்று நின்றுவிட்டதைப் பார்த்தேன். அவர் இவருடைய தோளைப் பிடித்து அழைத்து வந்தார்.

"டாக்டர், அண்ணனால வாயால சொல்ல முடியலியாம். நான் சொல்லட்டா?" என்று கொளஞ்சி கேட்டார். இவர் மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபடி தலையை அசைத்தார்.

"அண்ணி, ஒங்களுக்கு அம்மாவாசையத் தெரியுமா?"

தெரியாமல் என்ன? மில்லில் இவருடைய ஜோடி. எங்கள் வீட்டில் வாரம் ஒரு நாளாவது சாப்பிடுவார். என் கை கருவாட்டுக் குழம்புக்கு அவ்வளவு பிரியம். மாலா கைக்குழந்தையாக இருந்தபோது மில்லிலேயே மாரடைப்பில் செத்துப் போனார். காரியத்துக்கு அவர் பெண்டாட்டிக்குத் துணையாக நான்தான் சமைத்தேன்.

"பக்கத்துப் பக்கத்துல மெஷினு. அண்ணன் முதுகக் காட்டிகிட்டு அறுந்த நூலுக்கு முடிச்சுப் போட்டுகிட்டு இருந்திருக்காரு. முடிச்சிட்டுத் திரும்பிப் பாத்தா, அம்மாவாசை விழுந்து கெடக்கான். அண்ணனப் பாத்த மாதிரியே கெடக்கான். வாயி தொறந்து இருக்கு." கொளஞ்சி என் பக்கம் திரும்பினார். "கூப்பிட்டிருக்கான் அண்ணி. எத்தினி வாட்டி கூப்பிட்டானோ. அந்த எரைச்சல்ல எங்க கேக்கும்? கை தூக்கி ஜாடை காட்டியிருந்தாலும் அண்ணன் பாக்கலியே."

அப்போது அவரே வாயைத் திறந்தார். ஆண்டுக்கணக்காகப் பூட்டியிருந்த கதவைத் திறந்த மாதிரி குரல் கிறீச்சிட்டது.

"கூப்பிட்டா கேக்காது டாக்டர். யாராவது பாத்துகினே இருந்தாத்தான் உண்டு."

எனக்கு முதலில் அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. இதை என்னிடம் சொல்லியிருக்கக் கூடாதா? அம்மாவாசை காரியத்துக்குச் சோறு வடித்தவள் நான் அல்லவா? ஆனால் அவர் நின்ற கோலத்தைப் பார்த்ததும் கோபம் இருந்த இடம் தெரியவில்லை. என் கண்ணை விட்டு மறையப் பயந்துதான் அவர் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறார். ஈ பறந்தால் கேட்கிற வீட்டில் உட்கார்ந்துகொண்டு, அவர் இன்னும் மில் இரைச்சலுக்குள்ளேயே இருந்திருக்கிறார். அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதேன். எனக்கு வெட்கமாகவும் இல்லை.

டாக்டர் கார்குழலி கொஞ்ச நேரம் எங்களை விட்டுவிட்டார். பிறகு இவர் பக்கத்தில் வந்து நின்று, "ஐயா, இங்க எதாவது மெஷின் ஓடுதா? நல்லாக் கேட்டுச் சொல்லுங்க" என்றார்.

அவர் காது கொடுத்துக் கேட்டார். காக்கை கத்தியது, கோரிமேட்டு எல்லையில் பஸ் ஹாரன் அடித்தது. "இல்ல" என்றார்.

"அப்ப ஒண்ணு செய்வோம். அந்தப் படியில வேகமா ஏறி எறங்குங்க. நெஞ்சு நல்லா அடிக்கட்டும். அடிக்கும்போதே அந்தச் செவுத்துக்குப் பின்னால போய் நின்னுக்குங்க. அங்க நாங்க யாரும் ஒங்களுக்குத் தெரிய மாட்டோம். அங்கேருந்து அம்மாவக் கூப்பிடுங்க."

அவர் முகம் வெளுத்துவிட்டது. என்னைப் பார்த்தார். நான் பேசாமல் இருந்தேன். என் வாழ்நாளில் வாயை அடக்கிக்கொண்ட சில சமயங்களில் அது ஒன்று. அவர் போய்ப் படியேறினார், இறங்கினார், மறுபடி ஏறினார். பிறகு சுவருக்குப் பின்னால் மறைந்தார்.

சத்தமே இல்லை. நேரம் போய்க்கொண்டிருந்தது. ஓடப் போனவளின் கையை டாக்டர் பிடித்துக்கொண்டார். "இருங்கம்மா. அவர் கூப்பிடட்டும்." விழுந்துவிட்டாரோ, வாய் திறந்து கிடக்கிறாரோ என்று எனக்குக் கண்ணில் என்னென்னவோ தெரிந்தது.

"பார்வதீ!"

அப்பா, அது என்ன குரல்! மில்லையே எழுப்புகிற குரல். மரத்தில் இருந்த காக்கைகள் பறந்தன. மருந்துக்கு வரிசையில் நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். வாட்ச்மேன் தடியோடு ஓடி வந்தார்.

"இருக்கேங்க! இங்கதான் இருக்கேன்!" என்று நானும் தொண்டை கிழியக் கத்தினேன்.

அவர் சுவரைச் சுற்றிக்கொண்டு நடந்து வந்தார். சட்டையெல்லாம் ஈரம். "கேட்டுதா?" என்றார் என்னிடம், குழந்தை மாதிரி. நான் மூக்கைச் சிந்திவிட்டு, "வில்லியனூருக்கே கேட்டிருக்கும்" என்றேன்.

அன்றே எல்லாம் சரியாகிவிட்டது என்று சொன்னால் அது பொய். அடுத்த நாள் காலையில் மறுபடி அடுப்படி வாசலில் நாற்காலி. ஆனால் இப்போது எங்களுக்கு ஒரு வேலை இருந்தது. ராஜவேலின் அக்கா கொஞ்ச நாள் லீவு போட்டு மாலாவுடன் இருப்பதாகச் சொன்னாள். அவள் திரும்பிப் போவதற்குள் நான் அங்கே இருக்க வேண்டும். தினமும் அவரும் கொளஞ்சியும் விடிந்ததும் நடப்பார்கள். வந்ததும், நெஞ்சு அடங்குவதற்கு முன்னாலேயே, நான் வேறு அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வேன். அவர் கூப்பிடுவார், நான் பதில் கொடுப்பேன். பிறகு பக்கத்து வீட்டிலிருந்து பதில் கொடுத்தேன். பிறகு தெருமுனையிலிருந்து கொடுத்தேன். காலனியில் சிரித்தார்கள். அரிகிருஷ்ணன் கடையில் இருந்தபடியே, "அம்மா இங்கதான் இருக்காங்க சார்!" என்று எனக்குப் பதிலாக அவரே குரல் கொடுத்தார். சில நாள் அவரால் முடியாமல் போகும், படுத்துக்கொள்வார். அப்போது டாக்டர் சொன்னபடி திட்டாமல் இருந்தேன். அதுதான் எனக்குக் கொடுத்த பயிற்சிகளிலேயே கஷ்டமானது.

மரத்தடியிலும் அவர் பேச ஆரம்பித்தார். அம்மாவாசையைப் பற்றித்தான். அவன் எப்படிச் சிரிப்பான், எப்படி வெற்றிலை போடுவான் என்று சொல்வார். ஒரு நாள், "நான் முன்னாடியே திரும்பியிருந்தா பொழச்சிருப்பானா டாக்டர்?" என்று கேட்டார். "தெரியாதுங்க ஐயா" என்றார் டாக்டர். அந்தப் பதில் அவருக்குப் பிடித்திருந்தது. ஆட்டோவில் வரும்போது, "பொய் சொல்லல பாத்தியா அந்தப் பொண்ணு" என்றார்.

கடைசியில் நான் கிளம்ப வேண்டிய நாளும் வந்தது. பஸ் நிலையம் வரைக்கும் அவரும் கொளஞ்சியும் வந்தார்கள். தினமும் வந்து சமைத்துக் கொடுத்துவிட்டுப் போவதாகக் கொளஞ்சி சொல்லியிருந்தார். நெய்வேலி பஸ்ஸில் என் பையை அவரே ஏற்றி வைத்தார். அவர் முகத்தைப் பார்த்தால் இறங்கிவிடுவேன் என்று பயந்து நான் எதிர்ப்பக்கம் பார்த்துக்கொண்டேன். பஸ் புறப்பட்டபோது எனக்குச் சந்தோஷமாக இருந்திருக்க வேண்டும். கடலூர் தாண்டும் வரைக்கும் ஏதோ களவு செய்துவிட்டுப் போகிறவள் மாதிரி இருந்தது.

மாலாவைப் பார்த்ததும் அதெல்லாம் போயிற்று. வயிறும் அவளுமாகப் படுத்திருந்தாள். அவளுக்குத் தலை வாரி, கஞ்சி வைத்து, கால் பிடித்து, பக்கத்திலேயே கிடந்தேன். இதற்காகத்தானே இத்தனை பாடு. தினமும் காலையில் அவர் போன் செய்வார். நடந்துவிட்டு வந்ததாகச் சொல்வார். கொளஞ்சி ரசம் வைத்தான், வாயில் வைக்க முடியவில்லை என்பார். நெஞ்சைப் பற்றி நான் கேட்க மாட்டேன், அவரும் சொல்ல மாட்டார்.

குறித்த நாளுக்கு முன்னாலேயே மாலாவுக்கு வலி எடுத்தது. அங்கே ஆஸ்பத்திரியில் உள்ளே அழைத்துப் போய்க் கதவைச் சாத்தினார்கள். ராஜவேல் மருந்து வாங்க, ரத்தத்துக்கு எழுதிக்கொடுக்க என்று ஓடிக்கொண்டிருந்தான். தன் செல்போனை என் கையில் திணித்துவிட்டுப் போனான். நான் வராண்டா பெஞ்சில் தனியாக உட்கார்ந்தேன். உள்ளேயிருந்து மாலாவின் குரல் ஒரு முறை கேட்டது. பிறகு கேட்கவில்லை. எனக்கு நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. காதுக்குள் அடித்தது, தொண்டையில் அடித்தது. கை சில்லிட்டது. பெஞ்சோடு தரை கீழே இறங்குகிற மாதிரி இருந்தது. செத்துப் போய்விடுவேன் என்றுதான் நினைத்தேன். வீட்டு நம்பரை அமுக்கினேன்.

"மாலா உள்ள இருக்கா" என்றேன். அதற்கு மேல் வார்த்தை வரவில்லை.

என் மூச்சைக் கேட்டே புரிந்துகொண்டார் போலிருக்கிறது. "நீ எங்க இருக்க?" என்றார்.

"வெளிய. பெஞ்சில."

"எழுந்திரு."

"இன்னா?"

"எழுந்து நட. வராண்டா இருக்குமில்ல? இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நட. உக்காந்தா அது மேல ஏறும்."

"எல்லாம் பாக்கறாங்க."

"பாக்கட்டும். வேகமா நட."

போனைக் காதில் வைத்துக்கொண்டு நடந்தேன். புடவை தடுக்கியது, ஒரு கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு நடந்தேன்.

"இப்ப சொல்லு. இன்னா பயம்?"

"ஒண்ணுமில்ல."

"அத நான் ரொம்ப நாளு சொல்லிட்டேன் பார்வதி. நீ வேற சொல்லு."

வராண்டாவின் கோடி வரைக்கும் போய்த் திரும்பினேன். மூச்சு வாங்கியது. மூச்சோடு சேர்ந்து அதுவும் வெளியே வந்தது. "போன வாட்டி நான் பக்கத்துல இல்ல, அதனாலதான் புள்ள போச்சின்னு ஒங்க மேல பழி போட்டு வெச்சிருந்தேன். இந்த வாட்டி நான் இருக்கேன். இருந்தும் போயிடுச்சின்னா? அப்ப யார் மேல போடறது? எப்படி இருக்கப் போறேன் நானு?"

ஒன்றும் ஆகாது என்று அவர் சொல்லவில்லை. அந்த வார்த்தையை எத்தனை பேரிடம் கேட்டிருப்பார் அவர். "ம்" என்றார். "நட. சொல்லிகினே நட."

சொன்னேன். அந்த முதல் குழந்தைக்கு நான் மனசுக்குள் வைத்திருந்த பெயரைக்கூடச் சொன்னேன். அதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எத்தனை தரம் நடந்தேனோ தெரியாது. உடம்பு வேர்த்துக் கொட்டியது. நெஞ்சு வேகமாக அடித்தது, ஆனால் அது இப்போது நடக்கிறதால் அடிக்கிற நெஞ்சு. வீட்டில் அவர் தனியாக இருப்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

"ஒங்களுக்கு எப்படி இருக்கு?" என்றேன்.

"அடிக்குது. நீ போன் பண்ணதிலேருந்து அடிக்குது. அது பாட்டுக்கு அடிக்கட்டும். நான் போனை வெக்க மாட்டேன், நீ நட."

கதவு திறந்தது. உள்ளேயிருந்து ஒரு சின்ன அழுகை, வீறிட்டு, விட்டுவிட்டு வந்தது. நர்ஸ் எட்டிப் பார்த்து, "மாலாவோட அம்மா யாரு? பொண்ணு பொறந்திருக்கு. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க" என்றாள்.

என் கால் நின்றுவிட்டது. அவரிடம் சொல்ல வாயெடுத்தேன். குரல் எழும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது.

"கேட்டுச்சு பார்வதி" என்றார் அவர், அழுதுகொண்டே. "எல்லாம் கேட்டுச்சு."